நீரடைப்பும் மூட வெட்கமும்

(தூத்துக்குடியில் துறைமுகத் தொழிலாளரும், உப்பளத் தொழிலாளரும், மீனவரும் கூடியிருந்த கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், ஆண்களுக்கு மூத்திர வழி சுருங்கிப் போவதும், அதற்கு உள்ளே குழல் வைத்துச் சிகிச்சை செய்வதும் பற்றியதாகும். "இதென்ன, பெண்களும் வந்திருக்கிற கூட்டத்தில் பேசத்தக்க சங்கதியா?" என்று சிலர் முகத்தைச் சுளிக்கலாம். அப்படிச் சுளிக்கிறவர்களை நாம் ஒன்று கேட்கிறோம். கோவில் கோபுரத்திலும் தேரிலும் செதுக்கி வைத்திருக்கிற பொம்மைகளைப் பெண்டு பிள்ளைகளோடு போய் அண்ணாந்து பார்க்கிறீர்களே, அப்போது இந்த வெட்கம் எங்கே போயிற்று? தாருகாவனத்து ரிஷிபத்தினிகள் கதையைப் பண்டிதர்கள் ஆயிரம் பேர் நடுவில் கண்ணீர் மல்கப் பிரசங்கம் செய்கிறார்களே, அது எந்த உறுப்பைப் பற்றிய கதை? கடவுளின் உறுப்பைப் பற்றிப் பேசினால் பக்தி, மனிதனின் உறுப்பைப் பற்றிப் பேசினால் ஆபாசம் என்றால், இது எந்த ஊர் நியாயம்?

இந்த வெட்கத்தினால் யாருக்கும் நஷ்டமில்லை என்றால் நாமும் பேசாமல் போய்விடுவோம். ஆனால் அது ஆளைக் கொல்லுகிற வெட்கமாக இருக்கிறது. பல் வலித்தால் ஊரெல்லாம் சொல்லுகிறவன், மூத்திரம் நின்று போனால் பெண்டாட்டியிடத்தில்கூடச் சொல்லாமல் மறைக்கிறான். மறைத்து மறைத்து, கடைசியில் குண்டிக்காய் கெட்டு, முகம் வீங்கி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக் கொண்டு போகும்போதுதான் வீட்டாருக்கே சங்கதி தெரிகிறது. ஆகையால்தான் தாய்மார்கள் இருக்கும்போதே இதைப் பேச வேண்டியது அவசியம் என்று கருதுகிறோம்.

நாம் வைத்தியக் கல்லூரியில் படித்தவரல்லோம். படித்தவர்கள் எழுதி வைத்திருப்பதைத் தேடிப் படித்து, நமக்கு விளங்குகிற மட்டும் விளக்கிக் கொண்டவர்களே ஆவோம். ஆதலால் நாம் சொல்லுவதை அப்படியே நம்பிவிடாமல், உங்கள் புத்தியைக் கொண்டு யோசித்து, தகுந்த வைத்தியரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம்.

முதலில் வியாதி என்ன என்று பார்ப்போம். நம் நாட்டார் இதற்குக் கல்லடைப்பு, சதையடைப்பு, நீரடைப்பு என்று பல பெயர்கள் வைத்திருக்கிறார்கள். மூத்திரப்பையிலிருந்து வெளியே வருகிற வழி ஆண்களுக்குச் சுமார் 20 சென்டிமீட்டர் நீளமுள்ளது. அந்த வழியின் உட்புறத் தோலில் எங்கேயாவது காயமோ புண்ணோ ஏற்பட்டு ஆறினால், ஆறின இடத்தில் தழும்பு விழுகிறது. கையில் தீப்பட்டு ஆறின இடம் இழுத்துச் சுருங்கி நிற்கிறதைப் பார்த்திருக்கிறீர்கள் அல்லவா? அதே காரியம் உள்ளே நடக்கிறது. வெளியே சுருங்கினால் அழகு கெடுகிறது. உள்ளே சுருங்கினால் வழி அடைபடுகிறது. அவ்வளவுதான் வித்தியாசம். வயதானவர்களுக்குப் புராஸ்டேட் என்கிற சுரப்பி பருத்து வழியை நெருக்குவது வேறு சங்கதி. புற்றினால் அடைபடுவதும் வேறு. நாம் சொல்லுவது தழும்பினால் ஏற்படும் சாதாரணச் சுருக்கத்தைப் பற்றியே ஆகும்.

இது யாருக்கு வருகிறது? முன்ஜென்மத்தில் பாவம் செய்தவனுக்கு வருகிறதா? ஒருபோதும் இல்லை. தோணியிலோ வள்ளத்திலோ கால் வழுக்கி, விளிம்பின் மேல் இரண்டு பக்கமும் கால் தொங்க விழுந்தவனுக்கு வருகிறது. அப்படி விழும்போது அந்த வழி அடியிலுள்ள எலும்புக்கும் மரத்துக்கும் நடுவில் அகப்பட்டு நசுங்குகிறது. கொஞ்சம் இரத்தம் வரும், நின்றுவிடும், அவனும் மறந்துவிடுவான். சில மாதங்களோ சில ஆண்டுகளோ கழித்து நீர் சிறுக்க ஆரம்பிக்கும். லாரி மோதி இடுப்பெலும்பு முறிந்தவனுக்கு வருகிறது. வெட்டை நோய் கண்டு சரியான மருந்து சாப்பிடாமல் விட்டவனுக்கு வருகிறது. ஆஸ்பத்திரியில் குழாய் செருகும்போது உட்புறம் உரசிப் புண்ணானவனுக்கும் வருகிறது. நுனித்தோல் வெளுத்துத் தடித்துப் போகிற ஒரு தோல் வியாதியாலும் வருகிறது. சிலருக்குக் காரணம் இன்னதென்றே புலப்படுவதில்லை. இதில் பாவ புண்ணியத்துக்கு இடம் எங்கே இருக்கிறது? விழுந்தவன் தொழிலாளி; அவன் விழுந்தது முதலாளியின் மூட்டையைச் சுமந்ததனால்; பாவம் மாத்திரம் தொழிலாளியுடையதா?

இதன் அடையாளங்களையும் தெரிந்துகொள்ளுங்கள். நீர் நூல் போல வரும், இரண்டாகப் பிரிந்து தெறிக்கும், முக்கி முக்கிப் போக வேண்டியிருக்கும், போய் வந்த பின்பும் மிச்சமிருப்பது போலத் தோன்றும், வேட்டி நனையும், எரிச்சலும் காய்ச்சலும் அடிக்கடி வரும். ஒரு நாள் திடீரென்று முழுதும் நின்றுபோவதும் உண்டு. இப்படி வரும்போதெல்லாம் "உஷ்ணம்" என்று சொல்லி இளநீரும் பார்லிக் கஞ்சியும் குடிக்கிறார்கள். உப்பளத்து வெயிலில் வேலை செய்கிறவன் நிறைய நீர் குடிக்க வேண்டியதுதான். அதை நாம் வேண்டாமென்று சொல்லவில்லை. ஆனால் கால்வாயில் மண் சரிந்து அடைத்துக் கொண்டிருக்கும்போது மேலே இன்னும் தண்ணீரைத் திறந்துவிட்டால் மண் கரைந்துவிடுமா, கரை உடையுமா? அடைப்பைக் கவனிக்காமல் விட்டால் மூத்திரப்பை தன் பலத்தை எல்லாம் செலவிட்டுத் தடித்துப் போகிறது, தேங்கின நீரில் கல் விழுகிறது, விஷம் ஏறுகிறது, பின்னுக்குத் தள்ளப்பட்ட நீர் குண்டிக்காயைக் கெடுக்கிறது.

இப்படிப்பட்ட வியாதிக்காரன் எங்கே போகிறான்? இந்தக் கடற்கரையின் பழைய சங்கதி ஒன்றைச் சொன்னால் அது உங்களுக்கு விளங்கும். இங்கே முத்துக்குளிப்பு நடந்த காலத்தில் 'கடல்கட்டி' என்று ஒருவன் இருந்தான். குளிக்கிறவன் கல்லைக் கட்டிக்கொண்டு பல பாகம் ஆழத்தில் உயிரைப் பணயம் வைத்து இறங்குவான்; கடல்கட்டியோ கரையில் இருந்துகொண்டு சுறாவின் வாயைக் கட்ட மந்திரம் ஜெபிப்பான். 13-ஆம் நூற்றாண்டின் கடைசியில் இந்தப் பக்கம் வந்த மார்க்கோ போலோ இதை எழுதி வைத்திருக்கிறார். முத்தில் அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கு. மீன்களை மந்திரத்தால் கட்டுகிறவனுக்கு இருபதில் ஒரு பங்கு! அவர் எழுதுகிற இன்னொன்றையும் கேளுங்கள். அந்த மந்திரம் பகலுக்கு மாத்திரந்தான். இரவில் அதை அவிழ்த்துவிடுவார்களாம். ஏனென்றால் இராத்திரியில் யாரும் திருட்டுத்தனமாய் முத்துக் குளித்துவிடக் கூடாது அல்லவா? பார்த்தீர்களா, சுறாவுக்குப் போட்ட கட்டு யாருடைய சரக்கைக் காவல் காத்தது என்பதை!

பிறகு இக்கரையில் போர்த்துகீசியர் வந்தார்கள், மதம் மாறிற்று, ஆனால் கடல்கட்டி மாறவில்லை. வெள்ளைக்கார சர்க்காரே அவனுக்குச் சம்பளம் கொடுத்து வைத்துக்கொண்டது. அவன் மந்திரத்தில் வெள்ளைக்காரனுக்கு நம்பிக்கை இருந்து கொடுக்கவில்லை. கடல்கட்டி இல்லாமல் ஜனங்கள் கடலில் இறங்க மாட்டார்கள் என்பதற்காகவே கொடுத்தது. 1961-க்குப் பிறகு இங்கே முத்துக்குளிப்பு நடைபெறவில்லை. முத்து போய்விட்டது, கடல்கட்டியும் போய்விட்டான் என்று நினைக்கிறீர்களா? அவன் ஊருக்குள் வந்து வேறு வேஷம் போட்டுக்கொண்டான். லாட்ஜில் ரூம் எடுத்து, சுவரெல்லாம் நோட்டீஸ் ஒட்டி, "ஆண்களின் இரகசிய வியாதிகள் அனைத்தும் தீர்க்கப்படும்" என்கிறான். தாயத்துக் கட்டுகிறான், இன்ன பொருள் என்று சொல்லாத பஸ்பம் கொடுக்கிறான். 'இரகசியம்' என்ற ஒரு வார்த்தையே அவனுடைய மூலதனம். நீங்கள் வெட்கப்படுகிற வரைக்கும் அவனுக்கு வருமானம். நீங்கள் வெட்கத்தை விட்ட அன்றே அவன் கடையைக் கட்டிவிட வேண்டியதுதான்.

நிற்க. உண்மையான வைத்தியம் என்ன செய்கிறது என்று பார்ப்போம். முதலில் ஒரு புனலில் நீர் விடச் சொல்லி, விநாடிக்கு எவ்வளவு போகிறது என்று யந்திரம் கணக்கெடுக்கிறது. 15 மில்லி லிட்டருக்கு மேல் போனால் பொதுவாகக் கவலையில்லை. 10-க்குக் கீழே போனால் காரணத்தை விசாரிக்க வேண்டும். பிறகு வழிக்குள் ஒரு மருந்து நீரைச் செலுத்தி எக்ஸ்ரே படம் எடுத்தால், சுருக்கம் எங்கே இருக்கிறது, எவ்வளவு நீளம் என்பது கண்ணுக்குத் தெரிந்துவிடுகிறது. ஜாதகத்தில் தெரியாதது படத்தில் தெரிகிறது.

சிகிச்சையில் பழையது, கம்பியோ குழலோ செருகிச் சிறிது சிறிதாக விரிப்பது. "இதெல்லாம் எங்கள் சுசுருதத்திலேயே இருக்கிறது" என்று ஒருவர் உடனே எழுந்திருப்பார். நுனித்தோல் அடைபட்டால் இரும்பிலோ மரத்திலோ அரக்கிலோ செய்த குழலில் நெய் தடவிச் செருகி, மூன்று நாளைக்கொரு தரம் பெரிய குழலாக மாற்றச் சொல்லி அதில் இருக்கத்தான் இருக்கிறது. எழுதினவன் கண்ணால் பார்த்து, கையால் செய்து எழுதியிருக்கிறான். அவனை நாம் பாராட்டுகிறோம். ஆனால் அதற்குப் பின் இத்தனை நூற்றாண்டுகளாக என்ன செய்தீர்கள்? இரத்தத்தையும் சீழையும் தொடுவது தீட்டு என்று சொல்லி, ரண சிகிச்சையை நாவிதரிடம் தள்ளி, அவரையும் கீழ்ஜாதி ஆக்கினீர்கள். தொட்டுச் செய்கிறவன் கீழ், தொடாமல் சுலோகம் சொல்லுகிறவன் மேல் என்றால், அந்தத் தேசத்தில் வைத்தியம் எப்படி வளரும்?

இரண்டாவது முறை, நுண்ணிய கண்ணாடிக் குழாயை உள்ளே விட்டு, தழும்பைக் கண்ணால் பார்த்துக்கொண்டே கத்தியால் கீறிவிடுவது. 1970-களிலிருந்து இது உலகமெங்கும் பரவியது. சுலபமானது, ஆஸ்பத்திரியில் அதிக நாள் படுக்க வேண்டியதில்லை. ஆனால் கீறின இடமும் மறுபடி தழும்பாகத்தானே ஆறும்? இத்தாலியில் 224 பேரை நெடுநாள் கவனித்து 1996-இல் வெளியிட்ட கணக்கில், 68 சதவீதம் பேருக்குச் சுருக்கம் திரும்பி வந்திருக்கிறது. முதல் தடவை கீறியும் திரும்பி வந்தால், இரண்டாம் தடவை, மூன்றாம் தடவை கீறுவதால் குணப்படுவது மிக மிகக் குறைவு. ஆனாலும் வருஷத்துக்கொரு தரம் கீறிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். வருஷாவருஷம் திவசம் கொடுப்பது போல இதையும் ஒரு சடங்காக்கிவிட்டார்கள்!

அப்படியானால் கீறின வழி மூடிக்கொள்ளாதபடி உள்ளே ஒரு குழலை நிறுத்தி வைத்தால் என்ன என்று வைத்தியர்கள் யோசித்தார்கள். இதற்கு 'ஸ்டென்ட்' என்று பெயர். பெயரைக் கண்டு மிரள வேண்டாம். சார்லஸ் ஸ்டென்ட் என்பவர் 19-ஆம் நூற்றாண்டில் லண்டனில் இருந்த பல் வைத்தியர். பல் அச்சு எடுப்பதற்கு ஒரு மெழுகுச் சரக்கைச் செய்தார். அவர் பெயர் எப்படியோ இந்தக் குழலுக்கு வந்து சேர்ந்தது. 1980-இல் ஜெர்மனியைச் சேர்ந்த ஃபேபியன் என்பவர், புராஸ்டேட் பருத்து அடைபட்டவர்களுக்கு ஒரு கம்பிச் சுருளை வைத்து வழியைத் திறந்தார். 1988-இல் லண்டனில் மில்ராய் என்பவரும் அவர் கூட்டாளிகளும் தழும்புச் சுருக்கத்துக்கு வலைபோல் பின்னிய உலோகக் குழலை வைத்தார்கள். அது நிரந்தரக் குழல். வைத்தால் வைத்ததுதான், சதை அதன்மேல் படர்ந்து மூடிவிடும், ஆயுள் முழுவதும் வழி திறந்திருக்கும் என்று எதிர்பார்த்தார்கள்.

எதிர்பார்த்தபடி நடந்ததா? முதலில் நன்றாகத்தான் இருந்தது. காலம் செல்லச் செல்ல, வலைக்கண்களுக்கு உள்ளேயே சதை வளர்ந்து மறுபடி அடைத்தது, சிலருக்கு வலி, சிலருக்கு ஓயாத சொட்டு, சிலருக்கு உப்புப் படிந்து கல்லாயிற்று. எடுத்துவிடலாம் என்றால், சதையோடு சதையாய் ஒட்டிப்போயிருப்பதை வழியோடு சேர்த்து அறுத்தெடுக்க வேண்டியதாயிற்று. கடைசியில் அந்த முறை கைவிடப்பட்டது. இன்று ஐரோப்பிய மூத்திர வைத்தியர் சங்கத்தார் இந்தச் சுருக்கத்துக்கு நிரந்தரக் குழலை வைக்காதீர்கள் என்று எழுதியே வைத்திருக்கிறார்கள்.

தோழர்களே! இந்த இடத்தில் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அந்த வைத்தியர்கள் அயோக்கியர்களா? இல்லை. நல்லதென்று நினைத்துத்தான் வைத்தார்கள். வைத்த பிறகு கணக்கெடுத்தார்கள், கெடுதல் என்று கண்டதும் தங்கள் பெயருக்கு வரும் குறைவைப் பாராமல் வெளியிட்டார்கள், விட்டுவிட்டார்கள். ஏறக்குறைய 25 வருஷத்துக்குள் ஒரு முறை பிறந்து, பரீட்சிக்கப்பட்டு, கழிக்கப்பட்டுவிட்டது. நம் தேசத்தில் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன் எவனோ நல்லதென்று நினைத்து வைத்த ஜாதியானது சதையோடு சதையாய் ஒட்டிக்கொண்டு, வழியை அடைத்துக்கொண்டு, சீழ் பிடித்து நாறுகிறது. "பெரியவர்கள் வைத்தது, எடுக்கக்கூடாது" என்கிறார்கள்! ஒன்றை வைக்கிறபோதே அதை எடுப்பதற்கும் வழி வைத்துக்கொள்ள வேண்டும் என்பதுதான் பகுத்தறிவு. நாம் இன்று சொல்ல வந்த நீக்கத்தக்க குழலின் பெருமையும் இதுவேதான்.

இந்தக் குழலில் பல தினுசுகள் உண்டு. டென்மார்க்கில் செய்யப்பட்ட மெமோகாத் என்பது நிக்கலும் டைட்டானியமும் கலந்த கம்பிச் சுருள். இந்த உலோகக் கலவையை 1960-ஐ ஒட்டி அமெரிக்கக் கடற்படையின் ஆராய்ச்சிச் சாலையில் கண்டுபிடித்தார்கள். இதற்கு ஒரு விசேஷ குணம் உண்டு. சூட்டில் ஓர் உருவத்தை ஞாபகம் வைத்துக்கொள்கிறது. குழலை உரிய இடத்தில் வைத்து 55 டிகிரி சூடுள்ள நீரைச் செலுத்தினால் அதன் முனை விரிந்து பிடித்துக்கொள்கிறது. எடுக்க வேண்டும்போது 10 டிகிரிக்குக் கீழே குளிர்ந்த நீரைச் செலுத்தினால் குழைந்து போய்விடுகிறது. நுனியைப் பிடித்து இழுத்தால் நூல் போல அவிழ்ந்து வருகிறது. கம்பிக்கு மேல் ரப்பர் போன்ற பொருள் பூசி, சதை உள்ளே நுழையாதபடி செய்த தினுசும் இருக்கிறது. மந்திரம் என்று நினைத்துவிடாதீர்கள். அந்த டைட்டானியத்தின் கனிமம் நம் சாத்தான்குளத்துப் பக்கம் செந்நிறத் தேரி மணலிலேயே கிடக்கிறது. அந்த மணலில் சாமிக்குக் கோவில் கட்டினோம். அதற்குள் என்ன இருக்கிறதென்று நாம் பார்க்கவில்லை. பார்த்தவன் குழல் செய்தான்.

இந்தக் குழலால் எவ்வளவு பிரயோஜனம்? இதிலும் ஆகாயப் புளுகு வேண்டாம்; கணக்கைப் பார்ப்போம். சுருக்கம் திரும்பத் திரும்ப வந்த 92 பேரைக் கொண்டு ஒரு பரீட்சை செய்து 2013-இல் வெளியிட்டார்கள். எல்லோருக்கும் வழியை விரித்தோ கீறியோ விட்டு, சீட்டுக் குலுக்குவது போலப் பிரித்து, 63 பேருக்கு இந்தக் குழலை வைத்தார்கள். 29 பேருக்கு வைக்கவில்லை. குழல் இல்லாதவர்களில் சரிபாதிப் பேருக்கு 84 நாளைக்குள் வழி மறுபடி சுருங்கிவிட்டது. குழல் வைத்தவர்களில் சரிபாதிப் பேருக்குச் சுருங்குவதற்கு 292 நாள் ஆயிற்று. அதாவது மூன்று மாதம் என்பது பத்து மாதத்துக்குச் சற்றுக் குறைவாக நீண்டது.

இது லாபமா என்றால் லாபந்தான். குணமா என்றால் குணமல்ல. இந்த வித்தியாசத்தைச் சொல்லாமல் எவனாவது "குழல் வைத்தால் தீர்ந்துவிடும்" என்று உங்களிடம் சொன்னால், அவன் கழுத்தில் ஸ்டெதாஸ்கோப் தொங்கினாலும் அவனும் கடல்கட்டியே. சாமியை நம்பாதே என்று சொல்லிவிட்டு யந்திரத்தைச் சாமியாக்கிக் கும்பிடச் சொல்ல நாம் வரவில்லை. ஐரோப்பியச் சங்கத்தார் சொல்லுவதும் இதுதான். வழியின் அடிப்பாகத்தில் சுருக்கம் திரும்பத் திரும்ப வந்து, பெரிய ரண சிகிச்சை செய்துகொள்ள முடியாதவர்களுக்கு மாத்திரம், அடுத்த அடைப்பைத் தள்ளிப்போடுவதற்காக இந்தத் தற்காலிகக் குழலை வைக்கலாம். குறியின் பாகத்திலுள்ள சுருக்கத்துக்கு வைக்கக்கூடாது. இருதயம் பலவீனமானவர், மிக முதிர்ந்தவர், மயக்க மருந்து தாங்காதவர் முதலானோருக்கு இது பெரிய உதவி. திடமான வாலிபனுக்கு இதையே முதலில் நீட்டினால், "எனக்கு ஏன் இது?" என்று அவன் கேட்க வேண்டும்.

ஏனென்றால் திடமானவனுக்கு இதைவிட நிலையான வழி இருக்கிறது. சுருக்கம் குட்டையாயிருந்தால் தழும்பை வெட்டியெடுத்து இரண்டு முனைகளையும் சேர்த்துத் தைத்துவிடுகிறார்கள். நீளமாயிருந்தால் கன்னத்தின் உட்புறத் தோலை எடுத்து ஒட்டுப்போட்டு வழியை அகலமாக்குகிறார்கள். இப்படிச் செய்தவர்களில் மிகப் பெரும்பாலோர் பல ஆண்டு சுகமாயிருக்கிறார்கள். இங்கிலாந்தில் 222 பேரைக் கொண்டு செய்து 2020-இல் வெளியிட்ட பரீட்சையில், கீறிவிட்டவர்களும் தைத்துக்கொண்டவர்களும் இருவருமே சுகமடைந்தாலும், மறுபடி சிகிச்சைக்கு வர வேண்டிய அவசியம் தைத்துக்கொண்டவர்களுக்கு ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தது. இந்த வித்தையில் நம் நாட்டாரும் இளைத்தவர்களல்ல. புனாவிலுள்ள சஞ்சய் குல்கர்னி என்பவர், ஒரு பக்கமாகவே திறந்து ஒட்டுப்போடும் முறையை 2009-இல் வெளியிட்டார். இன்று அது அவர் பெயராலேயே உலகத்தில் வழங்குகிறது.

இங்கே ஒரு முக்கியமான எச்சரிக்கை. ஒட்டுப்போடக் கன்னத் தோல் நன்றாயிருக்க வேண்டும். பாக்கும் புகையிலையும் குட்காவும் ஓயாமல் அடக்கி வைத்திருக்கிறவன் வாயில் அந்தத் தோல் வெந்து இறுகி, வாய் திறக்கவே முடியாமல் போகிறது. கீழே உடைந்ததைத் தைக்க மேலே இருந்த துணியையும் அவனே எரித்துவிடுகிறான். மூட்டை தூக்குகிற களைப்புக்காகப் போடுகிறோம் என்பீர்கள். களைப்புக்கு மருந்து கூலி உயர்வும் ஓய்வும், புகையிலை அல்ல.

ஆகவே வைத்தியரிடம் போகிறவர்கள் கையைக் கட்டிக்கொண்டு நிற்காமல் சில கேள்விகளைக் கேளுங்கள். சுருக்கம் எந்த இடத்தில், எவ்வளவு நீளம்? படம் எடுத்துப் பார்த்தாயிற்றா? இதற்குமுன் எத்தனை தரம் கீறியாயிற்று? தைத்துச் சரிசெய்ய முடியுமா, முடியாதென்றால் ஏன்? குழல் வைப்பதென்றால் எந்தத் தினுசு, நகர்ந்துவிடுமா, உப்புப் படியுமா, சொட்டு இருக்குமா? எல்லாவற்றையும்விட முக்கியமாக, எந்தத் தேதியில் எடுக்க வேண்டும்? நல்ல வைத்தியர் இந்தக் கேள்விகளால் கோபப்பட மாட்டார். கேள்வி கேட்டால் கோபப்படுவது குருக்கள் தொழிலே தவிர வைத்தியத் தொழில் அல்ல.

எடுக்கும் தேதியைப் பற்றி இன்னும் ஒரு வார்த்தை. நீக்கத்தக்க குழல் என்றால் அது தானாக நீங்கிவிடாது. நாம் போய் நீக்கிக்கொண்டால்தான் நீங்கும். மாதக்கணக்கில் கப்பலிலும் தோணியிலும் போகிறவர்கள் நிறைந்த ஊர் இது. குழலை வைத்துக்கொண்டு கப்பல் ஏறிவிட்டு, வலி இல்லை என்பதால் மறந்துபோனால், நீக்கத்தக்க குழலும் நிரந்தரக் குழலாகிக் கல் படிந்து, பழைய தொல்லையைவிடப் பெரிய தொல்லையாகிவிடும். சஷ்டிக்கும் கிருத்திகைக்கும், பெரிய வெள்ளிக்கும் பனிமய மாதா திருவிழாவுக்கும் நாள் எண்ணுகிறீர்கள். இந்த ஒரு தேதியைக் காலண்டரில் கோடு போட்டு வையுங்கள். வீட்டிலுள்ள தாய்மாரிடமும் சொல்லி வையுங்கள்.

"எல்லாம் சரி, நாலு பேருக்குத் தெரிந்தால் கேவலமல்லவா?" என்று இன்னும் எவருக்காவது தோன்றினால், அவருக்கு ஒரு மனிதரை ஞாபகப்படுத்துகிறோம். பெரியார் ஈ.வெ. ராமசாமி அவர்கள் தம் கடைசி ஆண்டுகளில் மூத்திரம் போகக் குழாய் வைத்துக்கொண்டு, அந்த நீர் சேரும் பாத்திரத்தையும் கூடவே எடுத்துக்கொண்டு ஊர் ஊராகப் போனார் என்பது தமிழ்நாடு அறிந்த சங்கதி. ஆயிரக்கணக்கான ஜனங்கள் நடுவில், அதே கோலத்தில் மேடையில் உட்கார்ந்து மணிக்கணக்காகப் பேசினார். 1973 டிசம்பர் 19-இல் சென்னை தியாகராய நகரில் வலியோடு பேசினதே அவருடைய கடைசிப் பேச்சு. டிசம்பர் 24-இல் வேலூர் கிறிஸ்தவ வைத்தியக் கல்லூரி ஆஸ்பத்திரியில் 94-ஆவது வயதில் காலமானார். அந்தக் குழாயை அவர் மறைக்கவுமில்லை, அதற்காக வேலையை நிறுத்தவுமில்லை, எந்தச் சாமிக்கும் நேர்ந்துகொள்ளவுமில்லை, வைத்தியரிடம் போனார். அதனால் அவருக்கு என்ன கேவலம் வந்துவிட்டது? உடம்பு இருந்தால் கோளாறு வரும். வந்தால் பார்த்துக்கொள்ள வேண்டும். இதில் மானம் போக என்ன இருக்கிறது? கொடுக்க வேண்டிய கூலியைக் கொடுக்காதவனுக்கல்லவா மானம் போக வேண்டும்?

முடிவாகச் சில வேண்டுகோள்கள். தாய்மார்களே! உங்கள் வீட்டு ஆண் பிள்ளை அடிக்கடி எழுந்து போய் நெடுநேரம் நிற்கிறானா என்று கவனித்துக் கேளுங்கள். அவன் முறைத்தாலும் கேளுங்கள். தொழிலாளத் தோழர்களே! வேலையில் விழுந்து அந்த இடத்தில் அடிபட்டு இரத்தம் வந்தால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போய் எழுத்து மூலம் பதிவு செய்துகொள்ளுங்கள். ஆண்டுகள் கழித்துச் சுருக்கம் வந்தால் நஷ்டஈடு கேட்க அதுவே சாட்சி. சங்கத்தை நடத்துகிறவர்களே! துறைமுகத்திலும் உப்பளத்திலும் மறைவாக நீர் கழிக்கும் இடமும் குடிநீரும் வேண்டுமென்பதைக் கூலிக் கோரிக்கையோடு சேர்த்துக் கேளுங்கள். இந்த ஊரில் 2000-ஆம் ஆண்டிலிருந்து சர்க்கார் வைத்தியக் கல்லூரி இருக்கிறது. அது உங்கள் வரிப்பணத்தில் நடப்பது; அங்கே நீங்கள் போவது பிச்சைக்கல்ல, பாத்தியதைக்கு.

ஆகையால் தோழர்களே, வெட்கம் என்பது அடைப்பு, பேசுவது திறப்பு. இங்கு சொன்னவற்றில் சரியென்று உங்கள் புத்திக்குப் பட்டதை எடுத்துக்கொண்டு, மற்றதைத் தள்ளிவிடுங்கள்.